‘அனைவரும் வருக’ என்று போட்டால் போதுமா

இங்கே சிங்கப்பூரில் மாதத்துக்கு ஒன்றாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. நல்ல காரியத்துக்கு நிதி திரட்டும் நெடுந்தூர நடை, இருபது கிலோமீட்டர், முப்பது கிலோமீட்டர், நான்கு மொழியிலும் போஸ்டர், அடியில் பெரிதாக ‘அனைவரும் வருக’. (தமிழில் ஒரு கொம்போ காலோ தப்பியிருந்தால் அன்றைக்கு எங்கள் குழுவில் நடையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், அதைப் பற்றித்தான் பேச்சு.) நான் இந்த நடைகளுக்குப் போகிற ஆள்தான், சிலவற்றில் தொண்டூழியராகவும் நின்றிருக்கிறேன், அதனால் குறை சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒரு நடையின் அழைப்பு இப்படி இருந்தது: ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடக்கம். பதிவுக் கட்டணம் உண்டு, சட்டையும் பதக்கமும் அதில் அடக்கம். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் தாண்டாதவர்களைப் பேருந்து வந்து ஏற்றிக்கொள்ளும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை முதல் எம்ஆர்டி ரயிலே ஏறக்குறைய ஆறு மணிக்குத்தான் கிளம்புகிறது. ஆறு மணி நடைக்கு யார் வர முடியும்? கார் இருப்பவர், இல்லையென்றால் கிராப் வாடகைக் காருக்குக் கொடுக்கத் தயாராக இருப்பவர். மேற்குக் கோடியில் துவாஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் இருக்கிற தம்பி வர முடியாது. மோட்டார் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இன்னும் சிக்கல், அந்த நாற்காலி சாதாரண டாக்சியில் ஏறாது; பேருந்திலும் ரயிலிலும்தான் அவர் நிம்மதியாகப் போக முடியும். நம் பொதுப் பேருந்துகள் எல்லாமே இப்போது சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரிதான் ஓடுகின்றன, ஓட்டுநர் இறங்கி வந்து சாய்பலகையைப் போட்டுக் கொடுக்கிறார். நாடு இவ்வளவு செய்து வைத்திருக்கும்போது, நடை ஏற்பாட்டாளர் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வெயில் ஏறிவிடும் என்பார்கள். ஏறும், உண்மைதான். அப்படியானால் பிற்பகலில் தொடங்கி இரவில் முடியுங்களேன்.

ஆனால் எனக்கு உண்மையான கோபம், பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ள வருகிற அந்தப் பேருந்தின் மேல்தான். காரணம் சொல்கிறேன்.

நெடுந்தூர நடையை முன்னாலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் வேறு மாதிரி. முன்னால் போகிறவர்கள் யாரோடு வந்தார்களோ அவர்களோடுதான் போவார்கள். அலுவலகக் கூட்டம் அலுவலகக் கூட்டத்தோடு, கல்லூரிப் பிள்ளைகள் தங்களுக்குள், சிலர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனியாக. சீனர் சீனரோடு, மலாய்க்காரர் மலாய்க்காரரோடு, நாம் நம்மோடு. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, வேகமாக நடக்கிறவனுக்குப் பேசத் தெம்பு கிடையாது. ஆறேழு கிலோமீட்டர் தாண்டியதும் பின்னால் என்ன நடக்கிறது என்றால், முட்டிவலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்கள், நேற்றுத்தான் புதுச் சப்பாத்து வாங்கியவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் கூட்டத்திலிருந்து உதிர்ந்து பின்தங்குவார்கள். உதிர்ந்தவர்கள் சேர்ந்து தானாகவே ஒரு புதுக் கூட்டம் உண்டாகும். அதில் இனம் மொழி எதுவும் இருக்காது, முட்டிக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு மக்சிக்கும் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நம் மாமியும் ஒரு சீன அங்கிளும் ஒரே வேகத்தில் ஊர்ந்துகொண்டு, எந்தத் தைலம் நல்லது, எந்தப் பாலிகிளினிக்கில் கூட்டம் குறைவு, மகன் எப்போது கல்யாணம் பண்ணப் போகிறான் என்று பேசிக்கொண்டு வருவார்கள். பத்து வருடம் ஒரே புளோக்கில் லிஃப்ட்டில் தலையாட்டிக்கொண்டவர்கள் மூன்று மணி நேரம் பேசுவது இங்கேதான். போஸ்டரில் போடுகிற ‘சமூகங்களை இணைப்போம்’ என்பது நிஜமாக நடக்கிற இடம் வரிசையின் கடைசி. அந்தப் பேருந்து வந்து சரியாக அந்தக் கடைசியைத்தான் அள்ளிக்கொண்டு போகிறது!

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, நெடுந்தூர நடை என்றாலே சவால்தானே, நேரக்கெடு இல்லாவிட்டால் எப்படி என்று ஒரு நண்பர் கேட்டார். நேரக்கெடுவை நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹாங்காங்கில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் டிரெயில்வாக்கர் இருக்கிறது, உலகத்தில் இந்த வகை நடைகளுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லலாம். 1981இல் கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கியது, 1986இல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். மெக்லிஹோஸ் பாதையில் 100 கிலோமீட்டர், 48 மணி நேரக் கெடு, சும்மா இல்லை, மலை ஏறி இறங்க வேண்டும். ஆனால் அதில் தனி ஆளாகப் போக முடியாது. நான்கு பேர் ஒரு குழு, நான்கு பேரும் சேர்ந்தே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதாவது கெடு இருக்கிறது, ஆனால் கெடுவுக்குள் எந்த வேகத்தில் போவது என்பதை நால்வரில் மெதுவானவர்தான் தீர்மானிக்கிறார். படைவீரர்கள் வகுத்த விதி, பாருங்கள். நம் ஊரில் முட்டிவலிக்காரரைப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறோம்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த பையன், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினான். நாளுக்கு ஒரு மாரத்தான் தூரம். 143 நாள், 5,373 கிலோமீட்டர். அதற்குமேல் முடியவில்லை, நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. அடுத்த வருடம் ஜூனில் இறந்துபோனான், வயது 22. அவன் கேட்டது பெரிய தொகை இல்லை, கனடாக்காரர் ஒவ்வொருவரும் ஒரு டாலர். நாட்டில் அப்போது சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர், அவன் கண்ணை மூடுவதற்கு முன்பே தொகை அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அவன் பெயரில் உலகம் முழுக்க நடக்கிற ஓட்டத்தில் போட்டி கிடையாது, வெற்றியாளர் கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம், நாயைக்கூடக் கூட்டி வரலாம். எனக்கு இதில் பிடித்தது, கடைசிவரை போய்ச் சேராத ஒருவனின் ஓட்டத்தைத்தான் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நெடுந்தூரம் நடப்பது நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயமா என்ன? தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடக்கிற நகரத்தார் பாதயாத்திரையிலோ, வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டத்திலோ நேரம் குறிக்க யாரும் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. நடக்க முடிந்தவர் நடக்கிறார், முடியாதவர் வழியில் மோர் கொடுக்கிறார், இரண்டு பேருக்கும் புண்ணியம் ஒன்றுதான். இங்கேயும் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை போய்ப் பாருங்கள். தூரம் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள்தான், ஆனால் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர்கள் இல்லாமல் அந்த ஊர்வலம் இல்லை. பால்குடம் எடுத்துவருகிற சீனர்களையும் அங்கே வருடா வருடம் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று, இதை எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தார்கள், ஏப்ரல் 13 கிளம்பி 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், நடந்துவருகிறவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று எச்சரித்துவிட்டார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை, மரத்தில் இருந்தது, எடுத்துச் சாப்பிட்டார்கள்! அந்தப் பொட்டலத்தைக் கட்டிய பாட்டி ஒரு அடிகூட நடந்திருக்க மாட்டாள். அவளும் அந்த நடையில் ஒருத்தி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்தப் புலம்பலையெல்லாம் கேட்டுச் சலித்துப்போன எங்கள் வட்டாரத்து நண்பர்கள், நீயே ஒன்று ஏற்பாடு பண்ணு பார்க்கலாம் என்றார்கள். பண்ணினோம். சாங்கி வில்லேஜிலிருந்து மரினா அணைக்கட்டு வரை, கடலோரமாகவே, இருபது கிலோமீட்டருக்கு மேல். பிப்ரவரி மாதம், ஏனென்றால் அப்போதுதான் மழை குறைவு, காற்றும் இருக்கும். பிற்பகல் மூன்றரைக்குத் தொடக்கம். முழுத்தூரமும் நடந்தே ஆக வேண்டும் என்று இல்லை. சாங்கி கடற்கரைச் சாலை ஓரமாக, விமான ஓடுபாதைக்குப் பக்கத்தில் போகிற பகுதி நிழலே இல்லாத நேர்கோடு, கழிப்பறையும் வெகுதூரத்துக்கு ஒன்று. அது தாங்காதவர்கள் பிடோக் ஜெட்டியில் சேர்ந்துகொள்ளலாம், இல்லையென்றால் இன்னும் தள்ளி மரின் பரேட் பக்கம் சேர்ந்துகொள்ளலாம். 2024 ஜூனில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை பேஷோர் வரை திறந்தது எங்களுக்குப் பெரிய வரம். அதற்கு முன்னால் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்குச் சக்கர நாற்காலியோடு வருவதென்றால், பேருந்திலிருந்து இறங்கி விரைவுச்சாலைக்கு அடியில் சுரங்கப்பாதையைத் தேடி அலைய வேண்டும். சுரங்கப்பாதை இப்போதும் அதேதான், ஆனால் ரயிலிலிருந்து இறங்கிப் பத்து நிமிடத்தில் அதற்குள் நுழைந்துவிடலாம்.

தங்குவிடுதித் தம்பிகள் சிலரையும் கூப்பிட்டிருந்தோம். சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார், “அண்ணே, ஆறு நாளும் சைட்டுல நின்னுட்டுத்தான் இருக்கோம், கிடைக்கிற ஒரு ஞாயித்துக்கிழமையும் நடக்கணுமா?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வந்தார், கூட மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு. முதல் ஒரு மணி நேரம் நால்வரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய்விட்டார்கள், நாங்கள் கண்ணாலேயே பார்க்கவில்லை.

பின்னால் நான் பார்வையற்ற ஒரு அண்ணனோடு வந்தேன். இதற்குமுன் பழக்கம் இல்லாதவர்கள் செய்கிற முதல் காரியம் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான். அப்படிச் செய்யக் கூடாது. அவர்தான் நம் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார், நாம் அரை அடி முன்னால் நடக்க வேண்டும், நம் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அந்தப் பிடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். வாயால் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: இடப்பக்கம் சைக்கிள், நாலு அடியில் வேர், இங்கே பாதை குறுகுகிறது. இதில் விசேஷம் என்னவென்றால், அவருக்காகப் பாதையைப் பார்க்கத் தொடங்கியதும் நாமும் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். வருடக்கணக்காக நடக்கிற பாதையில் இத்தனை வேர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவரோ சமையல் எண்ணெய் வாசனையை வைத்தே உணவங்காடி நெருங்குகிறது என்று சொல்லிவிட்டார். லகூன் உணவங்காடிக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது.

ஜெட்டியைத் தாண்டியதும் ஒரு சிக்கல். எங்களோடு வந்த ஒரு மக்சிக்கின் சக்கர நாற்காலியில் முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் ஆடத் தொடங்கியது. கைநாற்காலிதான், மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆட்டம் கூடிக்கூடி, நாற்காலி ஒரு பக்கமாகவே இழுத்தது. எல்லாரும் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னோமே தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் தண்ணீர் குடிக்க நின்றிருந்த அந்தச் சிவகங்கைத் தம்பி திரும்பி வந்து, குனிந்து பார்த்து, சக்கரத்தை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்து, “போல்ட்டு லூசுண்ணே, வேற ஒண்ணுமில்ல” என்றார். ஸ்பேனர்? பக்கத்தில் சைக்கிள் வாடகைக் கடை. கடைக்கார அங்கிளிடம் தம்பிக்குத் தெரிந்த நாலு வார்த்தை மாண்டரினிலும் (சைட்டில் சூப்பர்வைசரிடம் கற்றுக்கொண்டதாம், அதில் இரண்டு கெட்ட வார்த்தை, அதை அவர் உபயோகிக்கவில்லை) மீதிக்குக் கைஜாடையிலும் பேசி ஸ்பேனர் வாங்கி வந்தார். மக்சிக் நாற்காலியிலிருந்து எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு பக்கச் சக்கரத்தையும் முடுக்கிக் கொடுத்தார். ரொம்பவும் முடுக்கினால் சக்கரம் திரும்பாது என்று அரைச் சுற்றுத் தளர்த்தியும் விட்டார். ஐந்து நிமிட வேலை. கடைக்கார அங்கிள் ஸ்பேனரைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு சின்ன டப்பாவில் எண்ணெயும் கொண்டுவந்து விட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான்கு தம்பிகளும் முன்னால் போகவில்லை. நாற்காலியை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு எங்களோடேயே வந்தார்கள், மக்சிக் அவர்களுக்கு மலாயில் ஒன்று முதல் பத்து வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தார். முட்டு மேடு வந்தால் நாற்காலியைப் பின்பக்கம் லேசாகச் சாய்த்து முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும், சரிவில் இறங்கும்போது திருப்பிப் பின்பக்கமாக இறக்குவது நல்லது, இதெல்லாம் மகள் ஒருமுறை காட்டியதும் பிடித்துக்கொண்டார்கள். தள்ளுவண்டியில் சிமெண்டு மூட்டை தள்ளியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை என்று ஒருவர் சொல்ல, நான் சிமெண்டு மூட்டையா என்று மக்சிக் தமிழிலேயே கேட்டுவிட்டார்! லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் பல வருடம் வேலை பார்த்தவராம்.

இரவு பத்தரை தாண்டித்தான் கடைசி ஆள் அணைக்கட்டுக்கு வந்து சேர்ந்தார். தூரத்தை முடித்தவர்கள் பாதிப் பேருக்குமேல் கிளம்பிப் போயிருந்தார்கள், மறுநாள் வேலை, என்ன செய்வது. தம்பிகளுக்குத் திரும்பிப் போக வண்டி ஏற்பாடு செய்திருந்தோம். இதைச் செய்யாமல் கூப்பிட்டுப் பயனில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு வெள்ளிகூடக் கையில் வாங்கவில்லை. கிவிங் டாட் எஸ்ஜி என்ற இணைய நன்கொடைத் தளத்தில் ஒரு பக்கம் திறந்தோம், கொடுக்கிறவர் கொடுக்கிற பணம் நேராக அறநிறுவனத்துக்குப் போய்விடும், வரிக்கழிவு கிடைக்கிற நிறுவனமாக இருந்தால் இப்போது கொடுத்ததில் இரண்டரை மடங்குக்கு வரிக்கழிவும் உண்டு. கணக்குவழக்குத் தலைவலி இல்லை. கட்டணம் இல்லை, சட்டை இல்லை, பதக்கம் இல்லை. இங்கே அறநிறுவனங்கள் நிதி திரட்டச் செய்கிற செலவு, திரட்டிய தொகையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. நூறு வெள்ளி வந்தால் முப்பது வெள்ளிவரை செலவழிக்கலாம் என்றுதானே அர்த்தம்? சட்டப்படி சரிதான். ஆனால் அந்த முப்பதில் எவ்வளவு சட்டைக்கும் வளைவுக்கும் பலூனுக்கும் போகிறது என்று யோசித்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. என் அலமாரியில் ஏற்கெனவே அப்படிப்பட்ட சட்டைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, வீடு துடைக்கக்கூட உதவாத துணி.

கிலோமீட்டருக்கு இத்தனை வெள்ளி என்று நன்கொடை கேட்கிற முறையையும் கைவிட்டுவிட்டோம். அப்படிச் செய்தால் இருபது கிலோமீட்டர் நடந்த இளைஞனுக்கு நிறையப் பணம், இரண்டு கிலோமீட்டரோடு நின்ற பெரியவருக்குச் சொற்பம். பெரியவருக்கு அந்த இரண்டு எவ்வளவு பெரிய தூரம் என்று கணக்கில் எங்கே வரும்? எங்கள் எதிர் புளோக் மாமி ஒரு கிலோமீட்டரும் நடக்கவில்லை. வழியில் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து வாழைப்பழமும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் எடுத்த ஒரே முடிவு எல்லாரும் சாப்பிடுகிற மாதிரி சைவமும் ஹலாலுமாக இருக்க வேண்டும் என்பதுதான், சுண்டல் அதற்கு நன்றாகவே பொருந்தியது, சீன நண்பர்கள் இரண்டாவது தடவை வாங்க வந்தார்கள். மாமியின் பெயரில் தளத்தில் வந்த நன்கொடைதான் எங்கள் கூட்டத்திலேயே அதிகம்.

அடுத்த நடைக்குப் பதக்கம் வேண்டும் என்று எங்கள் குழுவிலேயே ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களாம். நான் எதிர்க்கட்சி. வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. மாமி எந்தப் பக்கம் என்று கேட்டேன், பதக்கமெல்லாம் அப்புறம் பார்க்கலாம், சுண்டலுக்குக் கடலை இந்தத் தடவை இரண்டு கிலோ கூடப் போட வேண்டும், அதை யார் வாங்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.